தைப்பதற்கு முன் துணிக்குச் சாயம் ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புடவைக்கு இசைந்த நிறத்தில் ரவிக்கைத் துணி கிடைக்காதபோது, வெள்ளைப் பருத்தியை வாங்கி வீட்டிலேயே சாயம் ஏற்றித் தைத்துக்கொள்வது நல்ல வழிதான். ஆனால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடித்தாலும், முதல் சலவையிலேயே பாதி கரைந்து போனாலும், பழி முழுவதும் சாயத்தூளின் மேல் விழுகிறது. உண்மையில் பல கோளாறுகள், சாயம் தண்ணீரில் கரைவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

முதல் தவறு, துணி எதனால் ஆனது என்று பார்க்காமல் வாங்குவது. பருத்திக்கு வீட்டில் எளிதாகக் கையாளத்தக்கது, குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும் ரியாக்டிவ் சாயம். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் புரோசியான் என்ற பெயரில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைச் சாயம், பருத்தியிலுள்ள செல்லுலோஸுடன் வேதிப் பிணைப்புக் கொள்வதால்தான் நிலைத்து நிற்கிறது. பாலியெஸ்டரில் செல்லுலோஸ் கிடையாது. ஆகவே கலப்புத் துணி எவ்வளவு நேரம் ஊறினாலும் வெளிறித்தான் வரும். கடைக்காரர் ‘சுத்தக் காட்டன்’ என்று சொன்னாலும், பாவிலிருந்தும் (நீளவாட்டு நூல்) ஊடையிலிருந்தும் (குறுக்கு நூல்) இரண்டு இழைகளை உருவித் தனித்தனியே கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, நுனியில் கெட்டியான மணியாகத் திரளும். தைத்து முடித்த உடையைச் சாயத்தில் முக்கினால் தையல் மட்டும் வெள்ளைக் கோடாகத் துருத்திக்கொண்டு நிற்பதற்கும் இதுவே காரணம்: கடைகளில் கிடைக்கும் தையல் நூலில் பெரும்பகுதி பாலியெஸ்டர்.

அடுத்தது, புதுத் துணியை அலசாமல் சாயத்தில் போடுவது. புதுத் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். கோரா, அதாவது வெளுக்காத துணியானால் பருத்தியின் இயற்கை மெழுகும் சேர்ந்திருக்கும். சோப்புத் தூளும் ஒரு கரண்டி சலவைச் சோடாவும் கலந்த சுடுநீரில் ஊறவைத்துக் கசக்கி அலசிய பின், காயவைத்த துணியில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சொட்டு முத்தாக நின்றால் துணி இன்னும் தயாராகவில்லை. விழுந்தவுடன் பரவி உறிஞ்சப்பட்டால் தொடங்கலாம்.

வெட்டிய பிறகு சாயம் ஏற்றுவது தையல்காரர்களுக்கே தலைவலி தரும் தவறு. பருத்தி சுருங்கும், ஓரங்கள் பிரியும், அளவு மாறும். அதைவிட முக்கியமாக, கை, முதுகு, பட்டிக்கான துணி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் முக்க வேண்டும். மறுநாள் அதே அளவில் கலக்கினாலும் அதே நிறம் வரும் என்பதற்கு உறுதியில்லை.

கண் அளவாகப் போடுவதையும் விட்டுவிட வேண்டும். எல்லாக் கணக்கும் உலர்ந்த துணியின் எடையிலிருந்தே தொடங்குகிறது. 250 கிராம் துணியை நடுத்தர அடர்த்தியில் தோய்க்க, எடையில் 2 விழுக்காடு, அதாவது 5 கிராம் சாயத்தூளும், 5 லிட்டர் தண்ணீரும், 250 கிராம் உப்பும், 50 கிராமுக்குச் சற்று மேல் சோடா ஆஷும் (நீர் நீங்கிய சலவைச் சோடா) தேவைப்படும். கறுப்பு வேண்டுமானால் சாயம் மூன்று நான்கு மடங்காகும். கறுப்பில் சிக்கனம் பார்த்தால் கிடைப்பது சாம்பல் நிறம்தான். துணி தாராளமாகப் புரளும் அளவுக்குப் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். நெருக்கித் திணித்தால் மடிப்புகளில் நிறம் ஏறாது. சமைக்கும் பாத்திரம் கூடவே கூடாது. தூளை அளக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், ஏனெனில் இத்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரும்.

வரிசை தவறுவதால்தான் பெரும்பாலான திட்டுகள் விழுகின்றன. தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும். உப்பின் வேலை சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது மட்டுமே. அதை அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று தவணையாகப் போட்டுக் கிளறலாம். பிணைப்பை உண்டாக்குவது சோடா. அதைத் தனியே கரைத்து, துணியை ஒருபுறம் ஒதுக்கி ஊற்றி, மேலும் ஒரு மணி நேரம் அடிக்கடி புரட்ட வேண்டும். தொடக்கத்திலேயே சோடாவைக் கொட்டினால், சாயம் சீராகப் பரவுமுன் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஆப்பச் சோடா இதற்குப் போதாது. அதன் காரத்தன்மை குறைவு. சாயம் நிற்கட்டும் என்று வினிகர் ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது கம்பளிக்கும் பட்டுக்குமான அமிலச் சாயங்களுக்குப் பொருந்துமே தவிர, பருத்தித் தொட்டியில் சோடாவின் வேலையைத்தான் கெடுக்கும். சோடா கலந்த சாயநீரை நாளைக்கென்று எடுத்து வைப்பதும் வீண், சில மணி நேரத்தில் அது தண்ணீருடனேயே வினைபுரிந்து பயனற்றுப் போகிறது.

ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், அவசரப்பட்டுத் துணியை வெளியே எடுத்துவிடாதீர்கள். முதலில் குளிர்ந்த நீரில் உப்பும் சோடாவும் போகும்வரை அலசி, பிறகு நன்கு சூடான சோப்பு நீரில் ஊறவைத்தால்தான் பிணையாத மிச்சச் சாயம் வெளியேறும். இந்தச் சுடுநீர் அலசலைத் தவிர்ப்பவர்களின் ரவிக்கைதான் வியர்வையில் புடவைக்கும் நிறம் கொடுக்கிறது. காய்ந்தபின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். கறை இறங்கினால் மறுபடியும் சுடுநீரில் அலசிய பிறகே கத்தரிக்கோலை எடுக்கலாம். தையல் நூலையும், துணி முழுவதும் உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.