கமோலியில் ஒரு சனி ஞாயிறு: பலரும் தவறுகிற இடங்கள்

இத்தாலியின் லிகூரியா கடற்கரையில், ஜெனோவாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சின்ன மீனவ ஊர் கமோலி. ரயிலை விட்டு இறங்கினால் பெயர்ப்பலகையில் ‘கமோலி - சான் ஃப்ருத்துவோசோ’ என்று இருக்கும். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சான் ஃப்ருத்துவோசோ பக்கத்துத் தெரு என்று நினைத்துக்கொண்டு, ‘ஞாயிறு சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் முன் ஒரு எட்டு பார்த்துவிடலாம்’ என்று கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

அது மலைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன வளைகுடாவுக்குள் ஒளிந்திருக்கும் பழைய மடம். சாலை கிடையாது. படகில் சுமார் அரை மணி நேரம், இல்லையென்றால் மலைப்பாதையில் இரண்டரை, மூன்று மணி நேர நடை. பாதைகளிலும் கடற்பக்கப் பாதை கடினமானது. பாறையில் அடித்திருக்கும் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய இடங்கள் உண்டு. செருப்போடு கிளம்புவது பெரிய தவறு. மேலே காட்டு வழியாகப் போகும் பாதை அதைவிடச் சுலபம்.

படகு எப்போதும் இருக்கும் என்று நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். நல்ல வெயில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் ‘லிபேச்சோ’ என்று அவர்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று கடலைக் கிளப்பிவிட்டிருந்தது. படகு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அங்கே வெயிலை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, அலையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். அன்று படகு ஓடாவிட்டாலும் ஞாயிறு மிச்சமிருக்கும். போனதும் திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவு சிரமப்பட்டுப் போக வேண்டுமா என்றால், கட்டாயம் போக வேண்டும். கூழாங்கல் கரையை ஒட்டி நிற்கும் அந்த மடத்துக்குள் டோரியா என்ற ஜெனோவா பெருங்குடும்பத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் இருக்கின்றன, கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வரி போட்டு. வெளியே கடலுக்கடியில் சுமார் 17 மீட்டர் ஆழத்தில், கைகளை மேலே விரித்தபடி வெண்கலக் கிறிஸ்து சிலை நிற்கிறது. 1954இல் இறக்கியது.

அடுத்த தவறு சாப்பாட்டு மேசையில். மெனுவில் ஒரு முழு மீனுக்கு எதிரே 7 யூரோ என்று போட்டிருக்கும். பரவாயில்லையே என்று சொல்லிவிடுவோம். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எத்தோ’ என்று ஒரு வார்த்தை இருப்பதைக் கவனிக்க மாட்டோம். எத்தோ என்றால் 100 கிராம். வருகிற மீன் 700 கிராம் இருந்தால் 49 யூரோ. இது ஏமாற்று அல்ல, இத்தாலி முழுக்க உள்ள வழக்கம். சமைக்கும் முன் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், எடை கேளுங்கள். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். இன்னொன்று, பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பொதுவாக அது உறைய வைத்த சரக்கு. கடலோரத்தில் உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டாமே. பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று ‘கோப்பெர்த்தோ’ சேர்த்திருந்தால் அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம். சண்டை போட வேண்டாம்.

நேரமும் முக்கியம். மதியம் இரண்டரை தாண்டினால் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். ராத்திரி ஏழரைக்கு முன்னால் திறக்காது. நடுவில் பசித்தால் ரொட்டிக் கடைதான். அதில் குறையே இல்லை, லிகூரியாவின் ஃபொக்காச்சா அப்படிப்பட்டது. மேலே குழிகுழியாக இருக்கும், குழிக்குள் ஆலிவ் எண்ணெயும் உப்பும் தேங்கியிருக்கும், காகிதத்தில் சுற்றித் தரும்போதே எண்ணெய் ஊறி விரலில் இறங்கும். காலையில் சூட்டோடு வாங்குங்கள், சாயங்காலம் வரை வைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீனவ ஊரில் பட்டினிதான் என்று பயப்படுவதும் தவறு. கடலை மாவில் சுடும் ஃபரினாத்தா, கீரை பொதிந்து வால்நட் சாஸ் ஊற்றிய பன்சோத்தி என்ற பாஸ்தா, துளசி வகை இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ சாஸ் என்று நிறையக் கிடைக்கும். முட்டையும் பாலாடைக்கட்டியும் தொடாதவர்கள் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள். பன்சோத்தியில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும், பெஸ்தோவில் பாலாடைக்கட்டி இருக்கும்.

துறைமுகத்துக்கு வருவோம். படம் எடுக்கும் அவசரத்தில் காயப்போட்ட வலை மேல் ஏறி நிற்பவர்களை அங்கே பார்த்தேன். அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கிழிந்த வலைக்கண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் ஒரு முழம்கூட நகரவில்லை. அந்த வேலை மேல்தான் நாம் செருப்புக் காலை வைக்கிறோம்.

இந்த ஊருக்கென்று இன்னொரு வலை இருக்கிறது, ‘தொன்னரெல்லா’. புந்தா கியாப்பா என்ற முனைக்குப் பக்கத்தில் கடலில் நிலையாகக் கட்டி வைத்து, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மீன் பிடிக்கிறார்கள். அதன் பெரும்பகுதி தென்னை நார்க் கயிறு. தென்னையே விளையாத ஊரில், நம் கிணற்றடியில் கிடக்கும் அதே கயிறு! ஆண்டுதோறும் கையாலேயே புதிதாகப் பின்னுகிறார்கள். பருவம் முடிந்ததும் நார் வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அது மட்கிக் கடலோடு சேர்ந்துவிடும். இதைப் பற்றி எதுவும் தெரியாமல் வண்ண வீடுகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன். வீடுகளைப் பார்க்கும்போதும் கிட்டே போய்ப் பாருங்கள்: தூரத்திலிருந்து ஜன்னல், கல் வேலைப்பாடு என்று தெரிவதில் பாதி, சுவரில் தீட்டிய ஓவியம்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதி தேடிப் போகிறவர்கள் மே மாதம் இரண்டாம் ஞாயிறைத் தவிர்க்க வேண்டும். அன்று மீன் திருவிழா. சுமார் நான்கு மீட்டர் அகல வாணலியில் மீன் பொரித்து ஊருக்கே கொடுப்பார்கள். முந்தின ராத்திரி கடற்கரையில் பெரிய சொக்கப்பனை எரியும். பார்க்க வேண்டிய கொண்டாட்டம்தான், ஆனால் நிற்க இடம் இருக்காது. இத்தாலியர்களின் கோடை விடுமுறை நாளான ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரமும் அப்படியே. ஜூன் தொடக்கமும் செப்டம்பர் கடைசியும் நல்லது.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். சக்கரம் வைத்த பெரிய பெட்டியும் வேண்டாம், ஊர் முழுக்கப் படிக்கட்டு. கடற்கரை மணல் அல்ல, கூழாங்கல், அதனால் தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் காலணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வட்டார ரயிலுக்கு வாங்கும் காகிதச் சீட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்.

அப்புறம், திங்கட்கிழமையும் தங்கி இன்னொரு முறை மீன் சாப்பிடலாம் என்று நினைத்தால், அன்று மீன் வாங்கும் முன் இது எப்போது பிடித்தது என்று கேளுங்கள். இத்தாலியில் பல இடங்களில் மீனவர்களுக்கு ஞாயிறு விடுமுறை.