குளிர்காலப் பசுமைக்குடில்: சூட்டிலும் வெளிச்சத்திலும் நடக்கும் தவறுகள்

புதிதாகக் குடில் அமைப்பவர்கள் முதலில் ஹீட்டர் வாங்குகிறார்கள், பிறகு விளக்கு மாட்டுகிறார்கள், இடுக்குகளைக் கடைசியில்தான் அடைக்கிறார்கள். இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். கதவைத் திறந்து போடக்கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

தரைப்பரப்பைக் கணக்கிட்டு ஹீட்டர் வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. பணம் அதிகம் கரைவதும் இதில்தான். வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 100 வாட் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பி 2க்கு 3 மீட்டர் குடிலுக்கு 600 வாட் ஹீட்டரை வாங்கி வைக்கிறார்கள். ஆனால் குடிலின் சூடு பெரும்பாலும் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும்தான் வெளியேறுகிறது.

1.6 மீட்டர் உயரச் சுவரும் சரிவுக் கூரையும் இருந்தால் அந்தக் குடிலின் மேற்பரப்பு ஏறக்குறைய 24 சதுர மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் இழக்கும். வெளியே −5 டிகிரி, உள்ளே 8 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 13. ஆக 24 × 6 × 13 = 1,872 வாட். இடுக்கு வழியே மணிக்கு நான்கு முறை காற்று மாறினால் இன்னும் 200 வாட் போகும். 600 வாட் ஹீட்டர் விடிய விடிய ஓடினாலும் வெளியைவிட நான்கு டிகிரிதான் கூடும், அதாவது உள்ளே −1. மிளகாய் நாற்று அந்த ஒரே இரவில் கருகிவிடும். உடனே இன்னொரு ஹீட்டர் வாங்குவார்கள். ஓட்டையைத் தேட மாட்டார்கள்!

காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவுச் சட்டம், காற்றுச் சாளரம், அடிச்சட்டம் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஃபோம் டேப் ஒட்டுங்கள். பிறகு உட்புறம் பபிள் ரேப் கட்டுங்கள். அது கொஞ்சம் வெளிச்சத்தையும் தடுக்கும், அதனால் வெயில் விழாத பக்கத்துக்கு மட்டும் இரட்டை அடுக்கு. புதிதாகக் கட்டுவதானால் 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் போடுங்கள். அதற்கு 6 வாட்டுக்குப் பதில் 3.5 வாட்தான், எனவே இழப்பு 1,100 வாட்டுக்குள் அடங்கும். இதெல்லாம் முடிந்த பிறகு கணக்குப் போட்டு, கால் பங்கு கூடுதலாக வைத்து ஹீட்டர் வாங்குங்கள்.

புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டர்

ஒரு லிட்டர் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான நீர் ஆவியாக வரும். அது கூரையில் படிந்து இலைமேல் சொட்டும், சாம்பல் பூஞ்சை பிடிக்கும். சரியாக எரியாவிட்டால் எத்திலீன் உண்டாகி, தக்காளி இலைகள் கீழ்நோக்கி வளையும், பூ உதிரும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். கேஸ் ஹீட்டருக்கும் இதே எச்சரிக்கைதான்.

தெர்மோஸ்டாட்டை ஹீட்டருக்கு மேலே மாட்டுவது

சூட்டை அளந்து ஹீட்டரை இயக்கி நிறுத்தும் இந்தக் கருவியைச் செடி உயரத்தில், நிழலில், ஹீட்டரை விட்டுத் தள்ளி மாட்டுங்கள்.

லக்ஸ் பார்த்து விளக்கு வாங்குவது

லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்குப் பார்க்க வேண்டியது விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) என்பதை. சதுர மீட்டருக்கு விநாடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 11.5 மோல் சேரும். லெட்யூஸுக்கு அது போதும், காய்க்கும் தக்காளிக்கு 20க்கு மேல் வேண்டும். 2 சதுர மீட்டர் மேடைக்கு 400 மைக்ரோமோல் தேவை. வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும் எல்இடி என்றால் 160 வாட், ஓரங்களில் சிதறுவதையும் சேர்த்து 200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 200 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதனால் டைமரை விடியலுக்கு முந்தைய குளிர்ந்த மணிகளில் எரியும்படி வையுங்கள், ஹீட்டரின் சுமை குறையும்.

24 மணி நேரமும் எரிய விடுவது

தக்காளி இலை வெளுத்துவிடும். 6 மணி நேரமாவது இருட்டு வேண்டும்.

சுருட்டிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஹீட்டர்

கம்பி சூடேறி உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். ஈரமான இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இணைப்பே கொடுக்காதீர்கள்.