இயற்கைப் பள்ளிக்கு அக்கம்பக்கத்துப் பெற்றோரை வரவைக்க: கூகுள் மேப்பும் வாட்ஸ்அப்பும் முதலில், இன்ஸ்டாகிராம் பிறகு

கோவையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் குளக்கரைக்கும் தோப்புக்கும் அழைத்துப்போய், பறவை பார்க்கவும் முடிச்சுப் போடவும் கற்றுத்தரும் சிறு பள்ளி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்புக்கு 15 பிள்ளைகள். இதற்குப் பத்தாயிரம் ஃபாலோயர் எதற்கு? வண்டியில் அரை மணி நேரத்தில் வந்துசேரும் இருநூறு குடும்பங்கள் போதும். மலையும் மஞ்சும் காட்டும் ரீலுக்குச் சென்னையிலிருந்து லைக் குவியும். சேர்க்கைக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

பெற்றோர் முதலில் தேடுவது கூகுள் மேப்பில். அங்கே பள்ளியின் விவரங்களைக் காட்டும் பிசினஸ் புரொஃபைல் இலவசம்தான். பெயர்க் கட்டத்தில் பள்ளியின் பெயர் மட்டும் இருக்கட்டும். 'பெஸ்ட் சம்மர் கேம்ப் கோயம்புத்தூர்' என்று வால் சேர்த்தால் கணக்கு முடங்கலாம். குளத்தை உங்கள் முகவரியாகப் போடாதீர்கள். வீட்டு முகவரியைக் கொடுத்து அதை மறைத்துவிட்டு, பீளமேடு, சிங்காநல்லூர், ராமநாதபுரம் என்று சேவைப் பகுதிகளைக் குறியுங்கள். வகுப்பு முடிந்த அன்று மாலையே ரிவியூ லிங்க்கை அனுப்புங்கள். ரிவியூவுக்குக் கட்டணச் சலுகை தருவது கூகுள் விதிக்கு எதிரானது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். தனி எண் வாங்குங்கள். அதிலுள்ள கேட்டலாகில், அதாவது வகுப்புப் பட்டியலில், ஒவ்வொரு வகுப்புக்கும் வயது, நேரம், கட்டணம், கொண்டுவர வேண்டியவை எல்லாம் இருக்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். 'இருநூறு பேருக்கு அனுப்பினோம், பத்துப் பேர்கூடப் பார்க்கவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பதிவு செய்யும்போதே, எதிரில் நிற்கவைத்து எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பெற்றோரையும் ஒரே குரூப்பில் போட்டால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்; அந்தந்த வகுப்புக்கு மட்டும் குரூப் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள்.

இனி இன்ஸ்டாகிராம். என்ன பதிவிடுவது? ஓர் அம்மா கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: பாம்பு வந்தால்? பாத்ரூம் எங்கே? எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? மழை பிடித்தால்? ஒவ்வொன்றும் ஒரு ரீல். முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். கிளம்பும்முன் தலை எண்ணுவதைக் காட்டுங்கள். செங்குத்தாக, 20 முதல் 30 நொடி. தொடக்கத்தில் லோகோ வேண்டாம், மண்ணைக் கிளறும் கையில் தொடங்குங்கள். வெளியில் எடுத்த ஒலியில் காற்று இரைச்சல்தான் மிஞ்சும்; குரலைப் பிறகு வீட்டில் பதிவுசெய்து சேருங்கள். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் தமிழில் எழுத்தும் ஓடட்டும்.

பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். சேர்க்கைப் படிவத்தின் அடியில் ஒரு வரியாக ஒளித்துவைக்காமல் தனித் தாளில் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள்தான். முதுகுப்புறமும் கைகளும் தெரிந்தால் போதும். பெயரும் பள்ளிச் சீருடை பேட்ஜும் தெரியக் கூடாது. களத்தில் இருக்கும்போதே ஸ்டேட்டஸ் போடாதீர்கள், பிள்ளைகள் வீடு சேர்ந்த பிறகு போடுங்கள். பறவைக் கூட்டின் இடத்தை டேக் செய்யவே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் எடுத்த வீடியோ விளம்பரமாகாது, உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதென்றால், இன்ஸ்டாகிராம் பதிவின் கீழ் வரும் 'பூஸ்ட்' பொத்தானை விட்டு, மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜருக்குப் போங்கள். ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் தேவைக்கு மேல் விரியும். வரைபடத்தில் பின் குத்தி 8 கிலோமீட்டர் வையுங்கள். வயது 28 முதல் 45. விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்க வேண்டும். நாளுக்கு 300 ரூபாய், 5 நாள்: 1,500 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,770. பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் இதை ஓட்டுவது வீண். காலையில் கேட்டவருக்கு இரவில் பதில் போனால் அவர் அதற்குள் பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்த்திருப்பார்.

காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை வந்தால் மாற்று நாளா, பணம் திரும்பவா என்பதை முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள். விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் 'எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டு மாதம் ஒருவரைக்கூடக் கொண்டுவராத தளத்தில் நேரம் செலவழிப்பதை நிறுத்திவிடலாம்.