வாசலை விடுங்கள், முதலில் மோரியை அடைத்துவிடுங்கள்: தாராவி கீழ் ரூம்காரர்களுக்கு

2005 ஜூலை 26 அன்று வீட்டிலிருந்த பழைய போர்வை, துண்டு எல்லாவற்றையும் வாசற்படியில் அண்டைக் கொடுத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் முதுகுக்குப் பின்னால் வந்தது. குளிக்கிற மூலையில், மோரி ஓட்டையிலிருந்து கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டு வந்து, கொஞ்ச நேரத்தில் கணுக்காலைத் தொட்டுவிட்டது. அன்று மும்பை சாண்டாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்திருந்தது.

ஊரிலிருந்து புதிதாக வந்து கீழ் ரூம் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரூம் மூலையில் குளிக்க, பாத்திரம் கழுவ ஒரு சின்னத் தொட்டி மாதிரி கட்டியிருக்கிறதே, அதுதான் மோரி. அதன் ஓட்டை சந்திலுள்ள கட்டருக்கு, அதாவது சாக்கடைக்குப் போகிறது. கட்டர் நாலா என்கிற பெரிய வடிகாலுக்கும், நாலா மித்தி ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். கடல் ஏறும் நேரத்தில் இந்த நாலாக்களின் வாய் பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து மழையும் கொட்டினால் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி, தாழ்வான ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே மேலே வரும்.

முதல் வேலை: கடல் நேரம் பார்ப்பது

கடல் ஏற்றத்தை இங்கே பர்தி என்பார்கள். 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாள்களின் பட்டியலை, நேரத்தோடு, மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே வெளியிட்டுவிடும். அதைப் பார்த்து வீட்டிலுள்ள தினசரிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பட்டியல் கிடைக்காவிட்டால் அமாவாசை, பௌர்ணமியையும் அவற்றை அடுத்த இரண்டு மூன்று நாள்களையும் வட்டமிடுங்கள். பெரிய ஏற்றம் அப்போதுதான் வரும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் பன்னிரண்டரை மணி நேரம், நடுவில் ஆறு மணி நேரத்தில் இறக்கம். தேங்கிய தண்ணீர் எப்போது வடியத் தொடங்கும் என்று இதை வைத்து ஓரளவு கணக்குப் போடலாம்.

வானிலை அறிவிப்பில் மிகக் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 204 மி.மீ. வரை. அதி கனமழை என்றால் அதற்கும் மேல். இந்த இரண்டில் ஒன்றும் பெரிய ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்தால், அன்று வேலைக்குக் கிளம்பும் முன்பே கீழே சொல்வதைச் செய்துவிடுங்கள். புயல் வேறு பக்கம் போகிறது என்று சும்மா இருந்துவிட வேண்டாம். 2021 மே 17 அன்று டவ்தே புயல் கரையைக் கடந்தது குஜராத்தில்தான், ஆனால் மும்பையிலும் கொட்டித் தீர்த்தது.

மோரியை அடைப்பது

வேண்டியவை: இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் பை, ஒரு அரிசிச் சாக்கு, மணல், ஒரு பழைய துணி.

ஒரு பைக்குள் இன்னொரு பையைப் போட்டு, பாதிக்குச் சற்று மேல் வரை மணல் நிரப்பி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். முழுதாக நிரப்பினால் கல் மாதிரி விறைத்துக்கொண்டு ஓரத்தில் இடைவெளி விடும். தளர்வாக இருந்தால்தான் ஓட்டையின் வடிவத்துக்கு அமுங்கும். ஓட்டையில் துணியை நன்றாகத் திணித்து, அதன்மேல் இந்தப் பையை வையுங்கள். அதற்கும் மேல் மணல் நிரப்பிய அரிசிச் சாக்கு. ஒரு ஆள் தூக்க முடிகிற கனத்துக்கு மேல் வேண்டாம், பிறகு எடுக்க வேண்டியதும் நீங்கள்தான். அடைத்தபின் மோரியில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்துவையுங்கள்.

வாசலுக்கு இதே மாதிரி சாக்குகளைச் செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கி, வெளிப்பக்கம் தார்ப்பாயை மடித்துக் கொடுத்தால் போதும். முழங்காலளவு தண்ணீர் வந்துவிட்டால் எந்த அடைப்பும் நிற்காது. அப்போது சாமானைப் பார்க்காமல் மேல் மாடிக்குப் போய்விடுங்கள்.

மேலே ஏற்ற வேண்டியவை

முதலில் காகிதங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பழைய லைட் பில், போட்டோபாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு தந்த போட்டோ ஒட்டிய அடையாள அட்டை). டி.வி. போனால் இன்னொன்று வாங்கிவிடலாம். ஆனால் இந்த ரூமில் இத்தனை வருடமாக இருக்கிறோம் என்று காட்ட, மறுகுடியமர்வு என்று வரும்போது நம் கையில் இருப்பது அந்தக் காகிதங்கள் மட்டும்தான். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஊரிலிருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அசலை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் முடிந்து பரணில் வையுங்கள்.

அப்புறம் அரிசி, மாவு, மருந்து, குடிதண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டப்பா. கேஸ் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை ஜன்னல் கம்பியில் நிமிர்த்திக் கட்டுங்கள். காலி சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும்.

கரண்ட்

தண்ணீர் ரூமுக்குள் வரும் முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். கால் நனைந்தபின் சுவிட்சைத் தொடாதீர்கள். சந்தில் எல்லோருக்கும் பொதுவான மீட்டர் பெட்டியைத் தண்ணீர் எட்டிவிட்டால் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. லைட் பில்லில் இருக்கும் அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். மாநகராட்சியின் எண் 1916.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் கையில் ஒரு கழி வேண்டும். காலை வைக்கும் முன் அதை ஊன்றிப் பாருங்கள். தண்ணீர் வடியட்டும் என்று யாராவது மேன்ஹோல் மூடியைத் திறந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில் வீட்டுக்கு நடந்துபோன ஒரு மூத்த மருத்துவர் திறந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். தண்ணீருக்கு அடியில் இருக்கும் குழியை யாராலும் பார்க்க முடியாது.

வடிந்த பிறகு

கடல் இறங்கி, சந்துக் கட்டரில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகு மோரி அடைப்பை எடுங்கள். கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி போட்டோ எடுங்கள், பஞ்சநாமாவுக்கு, அதாவது சேதத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள, அரசு ஆள் வந்தால் காட்ட வேண்டும். தரைக்கு பிளீச்சிங் பவுடர் போடலாம். அதோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் சேர்க்காதீர்கள், மூச்சை அடைக்கும் விஷவாயு வரும். நனைந்த சுவிட்ச் போர்டையும் ஃபிரிட்ஜையும் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடலாம்.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடுவது. வெள்ளத்தில் எலி மூத்திரம் கலந்திருக்கும். லெப்டோ (எலிக் காய்ச்சல்) வருவது அதிலிருந்துதான், காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய், தண்ணீரில் நடந்தேன் என்று சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மாத்திரை வேறு, அதனால் ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் விழுங்க வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தாலோ, கண் சிவந்தாலோ, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அன்றே சயான் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எந்தத் தேதியில் வெள்ளத்தில் நடந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.