நைனா கையில் போன்: திட்டாமல் சொல்லிக்கொடுக்க ஒரு வழி

ரிட்டயர் ஆன பெரியவர் கைக்கு ஸ்மார்ட்போன் வந்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம் பயமுறுத்துவதுதான். "நைனா, அத தொடாத, இத அமுக்காத, பென்ஷன் பணம் மொத்தமும் போயிடும்" என்று ஆரம்பித்தால் அவர் தொடாமல் இருக்கப்போவதில்லை, நமக்குத் தெரியாமல் தொடுவார், அவ்வளவுதான். அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால் வெளியில் சொல்ல மாட்டார், சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார், அதற்குள் பணம் எத்தனையோ கணக்கு மாறிப் போயிருக்கும். ஆன்லைன் மோசடியில் போன பணம் திரும்ப வருமா என்பது பெரும்பாலும் புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் எந்த செட்டிங்கிலும் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வாக்குக் கொடுத்துவிடுங்கள்: "என்ன ஆனாலும் திட்ட மாட்டேன், உடனே சொல்லு." அதை அவர் நம்புகிற மாதிரி நடந்துகொள்ளவும் வேண்டும், ரீசார்ஜ் தப்பாகப் போட்டதற்கே கத்துகிற பிள்ளையிடம் யார் வந்து சொல்லுவார்கள்?

சரி, சொல்லிக்கொடுப்பதை எங்கே தொடங்குவது? நிறையப் பேர் ஜிபே, போன்பேயில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிப் பாடம். வடசென்னையில் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரி, ஹார்பர், லேலண்ட் லாரி கம்பெனி, மூடிப்போன பின்னி மில் என்று உழைத்து ஓய்ந்தவர்களுக்கு வேண்டியது கூட வேலை பார்த்த ஆட்கள்தான். ஒரே ஒர்க்ஷாப்பில் வருஷக்கணக்கில் ஒன்றாக டிபன் பாக்ஸ் திறந்தவர்களில் ஒருவர் இன்று திருவொற்றியூரில் இருப்பார், ஒருவர் ஆவடியில் மகள் வீட்டில், இன்னொருவர் சொந்த ஊருக்கே போயிருப்பார். அவர்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டால் போதும், மிச்சத்தை அவர்களே கற்றுக்கொள்வார்கள். அட்மினாக ஆளுக்கு ஆள் ஆகாமல், தெரிந்தவர் ஒருவரோ இருவரோ இருந்தால் நல்லது. தினமும் வருகிற குட்மார்னிங் படத்தைக் கிண்டல் செய்யாதீர்கள், அந்த வயதில் அது ஒரு வருகைப் பதிவு. தினமும் ஆறு மணிக்கு ரோஜாப்பூ அனுப்புகிறவர் ஒன்பது மணி வரை அனுப்பவில்லை என்றால் யாராவது ஒருவர் போன் போட்டு விசாரிப்பார்.

அந்தப் படங்கள் மெமரியை நிரப்பிவிடுமே என்றால், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய் மீடியா ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிடுங்கள், தொட்டால்தான் இறங்கும்.

கை விஷயத்தையும் கவனிக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஸ்பேனரும் அரமும் பிடித்த விரல் நுனி காய்த்துப்போய் இருக்கும், ஸ்கிரீன் அந்தத் தொடுதலைச் சரியாக எடுக்காது, அவர் இன்னும் அழுத்தி வைப்பார், உடனே ஃபார்வர்டு, டெலிட் என்று மேலே என்னென்னவோ வந்து நிற்கும், "இது தானா என்னமோ பண்ணுது" என்று போனைக் கீழே வைத்துவிடுவார். போனின் 'அக்சசிபிலிட்டி' பகுதியில் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று ஒன்று இருக்கும், அதை நீளமாக வைத்தால் இந்தத் தொல்லை குறையும். எழுத்தைப் பெரிதாக்குங்கள். டைப் செய்யச் சொல்லி இம்சிக்காதீர்கள். ஜிபோர்டு என்கிற கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கை அமுக்கினால் பேசுவதை எழுதிக்கொடுக்கும், அதுவும் வேண்டாம் என்றால் வாய்ஸ் மெசேஜ் இருக்கவே இருக்கிறது. காசிமேட்டில் காலையில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போச்சு என்று ஆயா தன் குரலிலேயே துபாயில் இருக்கிற பேத்திக்கு அனுப்பட்டும்.

பொய்யான ஃபார்வர்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்கு வகுப்பு எடுக்காதீர்கள், எடுபடாது. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்திலிருந்து வாருங்கள். "சென்னையின் முதல் ரயில் நிலையம் சென்ட்ரல்" என்று ஒரு படம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் ரயில்வே பெரியவர் அதைப் பார்த்ததும் கொதித்துப்போவார்: "எவன் சொன்னது? ராயபுரம் 1856. சென்ட்ரல் வந்ததே 1873ல." அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். "ரயில் விஷயத்துல இவ்ளோ தப்பா எழுதுறவன், சுகருக்கு இந்த இலைய தின்னா மாத்திரையே வேணாம்னு எழுதுறப்ப மட்டும் சரியா எழுதுவானா, நைனா?" இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கூடவே இரட்டை அம்புக்குறியைக் காட்டுங்கள். மெசேஜுக்கு மேல் ஒற்றை அம்பு இருந்தால் யாரோ எழுதியதை அனுப்பியிருக்கிறார்கள், இரட்டை அம்பு இருந்தால் ஊரெல்லாம் சுற்றி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப்பே 2020லிருந்து கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது.

இனி செட்டிங்ஸ். பக்கத்தில் உட்கார்ந்து, போன் அவர் கையிலேயே இருக்க, அவர் விரலாலேயே செய்ய வையுங்கள். வாங்கி நாமே செய்து கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடியும், ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. வாட்ஸ்அப்பில் 'அக்கவுண்ட்' போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் வையுங்கள், பிறந்த தேதி வேண்டாம். 'பிரைவசி'யில் குரூப்ஸ் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் முன்பின் தெரியாதவன் ஷேர் மார்க்கெட் டிப்ஸ் குரூப்பில் இழுத்துப் போட முடியாது. அதே இடத்தில் கால்ஸ் என்பதற்குள் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' உண்டு, அதையும் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால் வரும், எடுத்தால் எதிரில் ஒரு பெண் ஆடையில்லாமல் நிற்பாள், நம் பெரியவர் முகத்தையும் சேர்த்து ரெக்கார்டு செய்துகொண்டு பணம் கேட்பார்கள். வீட்டில் யாரும் பேசாத விஷயம் என்பதால்தான் அது நன்றாகப் பலிக்கிறது. மகன் சொல்லக் கூச்சப்பட்டால் தெருவில் இருக்கிற சிநேகிதரை விட்டாவது சொல்ல வையுங்கள்: மிரட்டினால் ஒரு பைசா கொடுக்காதே, பிளாக் செய், வந்து சொல்.

ஃபேஸ்புக்கில் 'லாக் ப்ரொஃபைல்' இந்தியாவில் இருக்கிறது, அதைப் போட்டால் நண்பர் அல்லாதவர் படங்களை எடுக்க முடியாது. ஏற்கெனவே நண்பராக இருக்கிறவரிடமிருந்தே மறுபடி ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் அது நகல். கொஞ்ச நேரத்தில் "என் சிநேகிதர் சிஆர்பிஎஃப்ல இருக்கார், டிரான்ஸ்ஃபர் ஆயிட்டார், சோபா ஃபிரிட்ஜ் எல்லாம் பாதி விலைக்குத் தரார்" என்று மெசேஜ் வரும். உடனே அந்த நண்பருக்கு நேரடியாகப் போன் போட்டுக் கேட்டால் முடிந்தது. திருப்பதிக்குக் கிளம்பும்போது வீடு பூட்டிய படம், பேரன் ஸ்கூல் யூனிஃபார்மில் நிற்கிற படம், ஆதார், பென்ஷன் புத்தகம், இதெல்லாம் ஸ்டேட்டஸில் வேண்டாம். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து போடட்டும், லட்டு படமும் சேர்த்து.

மோசடி வகைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது வீண், மாதத்துக்கு ஒன்று புதிதாக வருகிறது. எல்லாவற்றிலும் ஒரே சரக்குதான்: அவசரப்படுத்துவான், யாரிடமும் சொல்லாதே என்பான். கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்கிவிடுவோம் என்று வந்தால் அவசரம். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், டிஜிட்டல் அரெஸ்ட், கேமராவை அணைக்காதே, மகனிடம் பேசாதே" என்றால் அது இரண்டும் சேர்ந்தது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்றும் இல்லை, எந்த போலீசும் வீடியோ காலில் கைது செய்யாது, பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். குரலை அப்படியே நகல் எடுத்துப் பேரன் மாதிரியே அழுகிற வேலையும் இருக்கிறது, அதனால் வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாய்க்குட்டி பெயர் மாதிரி, ஃபேஸ்புக்கில் எங்கேயும் போடாத ஒன்று.

பென்ஷன்காரர்களுக்கென்றே ஒன்று தனியாக உண்டு. நவம்பர் நெருங்கும்போது "லைஃப் சர்டிஃபிகேட் அப்டேட் பண்றோம், ஓடிபி சொல்லுங்க" என்று போன் வரும். பெயர், ரிட்டயர் ஆன தேதி எல்லாம் சரியாகச் சொல்வான், அதில்தான் நம்பிவிடுகிறார்கள். பென்ஷன் ஆபீஸ் அப்படிப் போன் செய்து கேட்பதில்லை. இந்த லைஃப் சர்டிஃபிகேட்டுக்கான உண்மையான அரசு ஆப் ஜீவன் பிரமாண், அதில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் எடுக்கும் வசதி 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது, ரேகை தேய்ந்த கைகளுக்கு அது பெரிய நிம்மதி. வீட்டில் வெளிச்சமான இடத்தில் உட்கார வைத்து நீங்களே கூட இருந்து எடுத்துக்கொடுங்கள், பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்கி. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் செலான் என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஃபைலின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, போனையே எடுத்துக்கொள்கிற ஆப். போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கொரியர்காரன் என்று சொல்லி *401* என்று தொடங்கும் ஒரு நம்பரை அமுக்கச் சொன்னாலும் செய்யக் கூடாது, நம் போன் கால்கள் அவனுக்குப் போய்விடும். தெரியாமல் செய்திருந்தால் ##002# போட்டு டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும்.

பணப் பாடத்துக்கு இப்போது வரலாம். பென்ஷன் வரும் கணக்கையும் பிஎஃப், கிராஜுவிட்டி போட்டு வைத்த கணக்கையும் ஜிபே, போன்பே மாதிரியான யுபிஐ ஆப்பில் இணைக்கவே வேண்டாம். தனியாக ஒரு சேவிங்ஸ் கணக்கு, அதில் மாதம் மூவாயிரமோ ஐயாயிரமோ, காய்கறிக்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும். போனாலும் அவ்வளவுதான் போகும் என்ற தைரியத்தில் அவரே தொடங்கிப் பழகுவார். பணம் வாங்க பின் போடத் தேவையில்லை, வாங்கும்போது பின் கேட்டால் பணம் போகிறது. இதை மட்டும் சலிக்காமல் சொல்லுங்கள்.

தாண்டி ஏதாவது நடந்துவிட்டால் 1930. சைபர் குற்றத்துக்கான உதவி எண் அது, யோசிக்காமல் உடனே அடிக்க வேண்டும், பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்க அதுதான் வழி. எந்த பாங்க், எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், அதனால் வந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடக் கூடாது. பாங்குக்கும் போன் போட்டு கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். 1930ஐ பெரிய எழுத்தில் எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், போனுக்குள் சேமித்து வைத்தால் அந்தப் பதற்றத்தில் தேட முடியாது. பணம் போகாமல் வெறும் சந்தேக அழைப்பு என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பில் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணத்தைத் தாண்டிய கஷ்டம், தனிமை, கவனிப்பு இல்லாமை என்றால் முதியோருக்கென்றே 14567 இருக்கிறது.

இன்னும் ஒன்று, போனே தொலைந்தால். மின்ட் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் சட்டைப்பையில் இருந்த போன் காணாமல் போவது புதிதில்லை. இன்றைக்கே *#06# போட்டு வருகிற ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணை, ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். தொலைந்தால் முதலில் சிம்மை நிறுத்துங்கள், அடுத்து யுபிஐ கணக்கை, பிறகு போலீஸ் புகார் கொடுத்து அந்த நகலோடு சஞ்சார் சாத்தியில் போனையே முடக்கச் சொல்லலாம். புது சிம் வந்ததும் வாட்ஸ்அப் கேட்கும் ஆறு இலக்க பின் அவருக்கு நினைவிருக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுவையுங்கள்.