அறிமுக நிரலாக்க வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் (உள்ளூர் மக்களுக்கான ஈராண்டுக் கல்லூரிகள்) கணினி நிரலாக்கத்தின் அறிமுகப் பாடம் படிக்க வருவோரில் பலர் வேலையையும் குடும்பத்தையும் சுமந்துகொண்டு பகுதிநேரமாகப் படிப்பவர்கள். பருவத்தின் நடுவே அவர்கள் வராமல் நின்றுவிட்டால், “இவர்களுக்கு நிரலாக்கம் வராது” என்று முடிவுகட்டிவிடுவது முதல் தவறு. ஆய்வாளர்கள் பென்னட்சனும் காஸ்பர்சனும் 2007இல் வெளியிட்ட பன்னாட்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இப்பாடத்தில் தேறவில்லை. அத்தனை பேரிடமும் குறை காண்பதைவிட நாம் கற்பிக்கும் வரிசையைச் சோதித்துப் பார்ப்பதே நியாயம்.

அந்த வரிசையில்தான் பெரிய பிழை இருக்கிறது: நிரலைப் படிக்கப் பழகாதவரிடம் எழுதச் சொல்லிவிடுகிறோம். ரேமண்ட் லிஸ்டரும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கணிசமான மாணவர்கள் சிறிய நிரல் ஒன்று என்ன விடை தரும் என்று சொல்லவே தடுமாறினார்கள். ஒரு மாறியின் (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்) மதிப்போடு ஒன்றைக் கூட்டி அதே மாறியில் இடும் x = x + 1 என்ற வரியைப் பாருங்கள்: இயற்கணிதம் படித்துவிட்டு வந்தவருக்கு அது ஒருபோதும் உண்மையாக முடியாத சமன்பாடு, அங்குள்ள சமக்குறி ஒரு கட்டளை என்பதை யாரும் நிறுத்திச் சொல்லாவிட்டால், அடுத்து வரும் லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் பகுதி) முழுவதும் அவருக்கு இருட்டுதான். ஆகவே முதல் வாரங்களில், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறிகளின் மதிப்பைத் தாளில் அட்டவணையாக எழுத வையுங்கள். அதன் பிறகு, கலைத்துப்போட்ட வரிகளைச் சரியாக அடுக்கும் பயிற்சியைக் கொடுங்கள். நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பட்ரீசியா ஹேடனும் 2006இல் முன்வைத்த இப்பயிற்சியில், ஓர் அரைப்புள்ளி (;) விட்டுப்போய் நிரல் ஓடாததற்காக ஒரு மாலை முழுவதையும் இழக்க வேண்டியதில்லை. வெற்றுத் திரையில் எழுதுவது அதற்கு அடுத்த படி.

“புரிந்ததா?” என்று கேட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் தவறே. பல விடைகள் கொண்ட ஒரு கேள்வியைக் கொடுத்து, முதலில் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவும், பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதிட்டு மறுபடி தேர்ந்தெடுக்கவும் சொல்லுங்கள். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இம்முறையைப் பின்பற்றிய வகுப்புகளில் தோல்வி விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியதாக 2013இல் அறிவித்தார்கள்.

வீட்டுப்பாடம் மாணவரின் மாலைப்பொழுது காலியாக இருப்பதாக எண்ணித் தரப்படுகிறது. அதில் ஒரு பகுதியையாவது வகுப்பு நேரத்திலேயே, ஆசிரியர் அருகிலிருக்கும்போதே செய்ய விடுங்கள். இடைத்தேர்வு வரை மதிப்பெண்ணே கொடுக்காமல் இருந்தால் யார் பின்தங்குகிறார் என்பது காலம் கடந்துதான் தெரியும். இரண்டாவது வாரப் பயிற்சியை ஒப்படைக்காதவரிடம் அந்த வாரமே ஆசிரியர் தாமாகப் பேச வேண்டும். ஏன் தரவில்லை என்று கேட்பதைவிட, எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று கேட்டால் அவர் வாய் திறப்பார்.