பழத்தில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன? இஎஸ்டி முறை, தொடக்கநிலையினருக்கு

ஒரு செடியின் இலையிலும் பழத்திலும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது என்பதை அதிலிருந்து உருவாகும் நகலான எம்ஆர்என்ஏதான் காட்டும். அதை சிடிஎன்ஏவாக (எம்ஆர்என்ஏவைப் பார்த்து எழுதிய டிஎன்ஏ) மாற்றி, பாக்டீரியாவில் பெருக்கிய அதன் குளோன்களைப் பொறுக்காமல் கைக்கு வந்தபடி எடுத்து வரிசை படிப்பதுதான் இஎஸ்டி (expressed sequence tag) முறை. 1991ல் மனித மூளைத் திசுவில் இதைச் செய்து காட்டினார்கள். முழு ஜீனோம் தெரியாத பயிருக்கும் இது கைகொடுக்கும்.

முதலில் திசு. காய், நிறம் மாறும் நிலை, கனிந்த பழம் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள், ஏனென்றால் எந்த நிலையில் பறித்தீர்களோ அந்த நிலையின் மரபணுக்கள்தான் கிடைக்கும். பறித்ததும் திரவ நைட்ரஜன், பிறகு மைனஸ் 80 டிகிரி.

அப்புறம் ஆர்என்ஏ. என் கணிப்பில் பாதி வெற்றி இங்கேதான். பழத்தில் பெக்டின், மாவுச்சத்து, ஃபீனால் எல்லாம் அதிகம். இலைக்குச் சரிவரும் முறை இங்கே பிசுபிசுப்பான பழுப்புக் குழம்பைத்தான் தரும். செல்லை உடைக்கும் சிடிஏபி கரைசலில், ஃபீனாலைப் பிடிக்கும் பிவிபியும் பழுப்பாவதைத் தடுக்கும் பீட்டா மெர்காப்டோஎத்தனாலும் சேருங்கள், குளோரோஃபார்மால் சுத்தம் செய்து லித்தியம் குளோரைடால் வீழ்படிவாக்குங்கள். 260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 2க்கு அருகில் இருந்தால் மட்டும் போதாது, 260/230ஐயும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் சர்க்கரைப் பொருள்களோ ஃபீனாலோ இன்னும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஜெல்லில் ரைபோசோம் ஆர்என்ஏ பட்டைகள் கூர்மையாகத் தெரியாவிட்டால் ஆர்என்ஏ சிதைந்திருக்கும், மேலே போகவே வேண்டாம்.

சரி, ஆர்என்ஏ நன்றாக வந்துவிட்டது. எம்ஆர்என்ஏவின் பாலி ஏ வாலில் (ஏ எழுத்துகளின் தொடர்) ஒட்டும் ஒலிகோ டிடி பிரைமர், அங்கிருந்து சிடிஎன்ஏ எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி, இரட்டை இழையாக்கம், துண்டைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட், அதைப் பெருக்கும் ஈ.கோலை பாக்டீரியா: வழக்கமான பாதைதான். இப்படிக் கிடைக்கும் குளோன்களின் தொகுப்புதான் லைப்ரரி. நீல-வெள்ளைத் தேர்வில், துண்டு சேர்ந்திருக்கக்கூடிய வெள்ளைக் காலனிகளை எடுத்து, துண்டு உள்ளே இருக்கிறதா என்று காலனி பிசிஆரில் (காலனியின் டிஎன்ஏவை நேரடியாகப் பெருக்கிப் பார்ப்பது) பார்த்துவிட்டு 5' முனையிலிருந்து, அதாவது தொடக்கப் பக்கத்திலிருந்து, சாங்கர் முறையில் படியுங்கள். 3' முனையில் தொடங்கினால் பாலி ஏ வால் தொல்லை தரும், புரதக் குறியீடும் எளிதில் சிக்காது.

கணினியில் வெக்டர் (பிளாஸ்மிட்) பகுதியையும் தரம் குறைந்த முனைகளையும் வெட்டுங்கள். 100 எழுத்துக்கும் குறைவானதைத் தள்ளிவிடலாம். மீதியை கேப்3 என்ற வரிசை இணைக்கும் மென்பொருளில் கொடுத்தால் ஒன்றோடொன்று பொருந்துபவை கான்டிக், தனித்து நிற்பவை சிங்கிள்டன். இரண்டையும் பிளாஸ்ட்எக்ஸில் (வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்து, தெரிந்த புரதங்களோடு ஒப்பிடும் கருவி) தேடுங்கள். பொருத்தமே இல்லாதவற்றைக் குப்பை என்று எறியாதீர்கள், அதில் புது மரபணுவும் இருக்கலாம்.

ஒரே மரபணு பலமுறை வந்தால் அது அந்தத் திசுவில் மிகுதியாக வெளிப்படுகிறது என்று பொருள்; பழங்களில் உலோகத்தைப் பிடிக்கும் புரதமான மெட்டாலோதையோனின் வகை அடிக்கடி இப்படித் தலைகாட்டும். ஆனால் லைப்ரரியை நார்மலைஸ் செய்திருந்தால், அதாவது மிகுதியானவற்றைக் குறைத்துச் சமப்படுத்தியிருந்தால், இந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. எப்படியிருந்தாலும் முக்கியமான சில மரபணுக்களை கியூபிசிஆரில் (அளவையும் காட்டும் பிசிஆர்) சோதித்துவிட்டுத்தான் முடிவு சொல்லுங்கள். ஜென்பேங்க் என்ற பொது வரிசைத் தரவுத்தளத்தில் பதியும்போது பயிர் ரகத்தோடு பழுத்த நிலையையும் எழுதுங்கள்.